ஆறு கஜம் அம்பர்

அன்று பிற்பகல் மயிலாப்பூரில் டீச்சர் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாவது, கல்யாணப்பெண்ணான டீச்சர். வயது ஐம்பத்து மூன்று. இரண்டாவது, அவருடைய மகள். பெங்களூரில் வேலை, அம்மாவின் கல்யாணத்துக்காக லீவு போட்டு வந்திருந்தாள். மூன்றாவது, டீச்சரின் அண்ணன் மனைவி. அவர்கள் வீட்டில் எல்லாரும் அவரை மன்னி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நாலாவது ஆள் நான். மடித்த பட்டுப்புடவை இருந்த அட்டைப்பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம், பின்னால் இந்தக் கதையைச் சொன்னவர்களில் அங்கே இல்லாதவர்கள்தான் அதிகம்.

என் தொழில் புடவை மடிப்பது. விசேஷத்துக்குக் கட்டப்போகும் புடவையை முன்னாடியே வாங்கி, கொசுவமும் முந்தானை மடிப்பும் எடுத்து, இஸ்திரி போட்டு, க்ளிப் குத்திப் பெட்டியில் வைத்துக் கொடுப்பேன். எடுத்துச் சுற்றிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் கட்டி முடித்துவிடலாம். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் வீடு. வீட்டு மேஜைதான் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்தத் தொழில் கைக்கு வந்தது என் அதிர்ஷ்டம். ஆனால் இஸ்திரிப்பெட்டியை அணைத்தோமா என்ற கவலை என்னை விட்டதே கிடையாது. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போகும்போது, பார்க்கிறபோது கை பட்டு ஆன் ஆகியிருக்குமோ என்று தோன்றும்.

பட்டுக்கு இஸ்திரி போடுவதில் ஒரு வழக்கம் உண்டு. தி. நகரில் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் வைத்திருக்கிற தெற்கத்திக் குடும்பங்கள் என்னிடம் புடவை அனுப்பும்போது, கூடவே ஒரு சின்னப் புட்டியில் பன்னீரோ ஜவ்வாது கரைத்த தண்ணீரோ வைத்து அனுப்புவார்கள். அதை நான் தண்ணீர் தெளிக்கிற புட்டியில் கலந்துகொள்வேன். பட்டில் நேராகத் தெளித்தால் புள்ளி விழும். அதனால் பட்டின் மேல் ஒரு பழைய வேட்டித் துணியை விரித்து, துணியில் தெளித்து, அதன் மேல் இஸ்திரி போடுவேன். சூட்டில் வாசனை பட்டுக்குள் இறங்கிவிடும். கட்டிக்கொண்டு நடக்கும்போது லேசாக வீசும். யாரும் இதை எனக்கு எழுதிக் கொடுப்பதில்லை. புட்டி இருந்தால் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

டீச்சர் அனுப்பிய பையிலும் ஒரு புட்டி இருந்தது.

கட்டைவிரல் அளவுதான். கண்ணாடி, கண்ணாடியிலேயே மூடி. விசிறி அடிக்கிற மூக்கு கிடையாது. உள்ளே இருந்தது வெல்லப்பாகின் நிறம். மேலே பொன்னிறத்தில் பொடிப்பொடியாக எழுத்து. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். வந்த வார்த்தை எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. பெரிய இடத்துப் பன்னீர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மூடியைக் கழற்றி, மொத்தத்தையும் தண்ணீர்ப் புட்டியில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு வரட்டும் என்று தட்டியும் விட்டேன்.

துணியில் தெளித்துப் பெட்டியை வைத்ததும் முதலில் வந்தது ஒரு கார நெடி. கமலாப்பழத் தோலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கிள்ளியது போல. பின்வாங்கினேன். அது போன பிறகுதான் மற்றது வந்தது. சாம்பிராணிக் கட்டியைத் தணலில் போடுவதற்கு முன்னால், கையில் வைத்திருக்கும்போது ஒரு வாசனை இருக்குமே, புகை கலக்காத வாசனை, அது. அதன் பின்னால் பாகு பதத்துக்கு வருகிற நேரத்து இனிப்பு. அதற்கும் பின்னால் ஏதோ ஒரு மரம், நாள்பட்ட தோல் பை, என்னால் பெயர் சொல்ல முடியாத இன்னும் ஒன்றிரண்டு. ஒன்றை மற்றது இடிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து சூடாக இருந்தது. இஸ்திரிச் சூடுதான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். துணி ஆறியது, பட்டு ஆறியது, வாசனை ஆறவில்லை.

நான் வேலையை நிறுத்திவிட்டு நின்றேன். இருபது வருடமாகப் பன்னீரும் ஜவ்வாதும் மல்லிகையும் முகர்ந்தவள் நான். வாசனை என்பது மூக்கில் படுவது என்று நினைத்திருந்தேன். இது நான் நிற்கிற இடமாகவே ஆகிவிட்டது. எங்கள் வீட்டுத் தகரக் கதவு, மாடிப்படிக்குக் கீழே இருந்த குடம், எல்லாம் வேறு யார் வீட்டுடையதோ போலத் தெரிந்தன. ஆறு கஜத்தையும் மடித்து முடிக்கும் வரை கோயிலுக்குள்ளே வேலை செய்வது போல மெதுவாகவே செய்தேன்.

முடித்து க்ளிப் குத்தும்போது டீச்சர் போன் பண்ணினார். அந்தப் பையில் ஒரு புட்டி இருக்கும், மகள் சாயங்காலச் சாமான் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிட்டாள், புடவையோடு அதையும் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும் என்றார்.

"அது அவர் வாங்கிக் குடுத்தது. ஒன்பது வருஷமா ஒரு பூ வெக்கல, ஒரு செண்ட் போடல நான். இன்னிக்கு அதைப் போட்டுண்டுதான் போகணும்."

அவர் என்று அவர் சொன்னது கே.கே. நகரிலிருந்து வரப்போகும் மாப்பிள்ளை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடைக்குப் போன இடத்தில் பழக்கம். டீச்சரின் கணவர் போய் ஒன்பது வருடம். காலையில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து ஆகிவிட்டது, சாயங்காலம் அடையாறில் ஒரு சின்ன ஹாலில் நாற்பது பேருக்குச் சாப்பாடு. அவ்வளவுதான் கல்யாணம். அதற்குள் டீச்சருக்காகவே இருந்தது அந்தக் கட்டைவிரல் அளவு புட்டி. அதை நான் தண்ணீரில் கரைத்துவிட்டேன்.

சரி சரி என்று போனை வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

"இன்னாத்துக்கு இப்போ அழுதுகினு கீற? தண்ணிய ஊத்தி மூடி வச்சிடு. எந்தப் புட்டில இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்?"

தண்ணீருக்கு நிறம் கிடையாது, அதுவோ வெல்லப்பாகு நிறம். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அரை ஸ்பூன் தேயிலையைக் கொதிக்கவிட்டு, துணியில் இரண்டு தரம் வடிகட்டி, ஆறவைத்து, சொட்டுச் சொட்டாகப் புட்டியில் நிரப்பினேன். நிறம் அப்படியே இருந்தது. முகர்ந்தால் கண்ணாடியில் ஒட்டியிருந்த வாசனை கொஞ்சம் வந்தது. ஒரு நிமிடம் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்படித்தான் அந்த முன்னறையில் போய் உட்கார்ந்தேன். பெட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவார்களோ என்று மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தேன். மன்னி டீச்சரின் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தக் கல்யாணத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை; நேரம் ஆகிறதே என்ற அவசரம்தான். பூவே போதும், இந்த வயதில் செண்ட் வேறு எதற்கு, ஆத்துல பெரியவா யாராவது முகம் சுளிப்பா என்றார். டீச்சர், நான் கொண்டுவந்து வைத்த புட்டியை மேஜையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி மூடியைத் திருகினார். மூடியின் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அதைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஒரு சொட்டு வாசனை போட்டுக்கொள்ள ஒரு மனுஷி ஒன்பது வருடம் காத்திருந்தார் என்று தெரிந்த பிறகும் என்னால் அங்கே உட்கார முடிந்திருந்தால் நான் எப்பேர்ப்பட்டவள்.

"டீச்சர், போடாதீங்க. அது டீ."

யாருக்கும் புரியவில்லை. மன்னி, என்னது என்றார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னீர் வழக்கம், கவிழ்த்தது, தட்டியது, தேயிலை, இரண்டு தரம் வடிகட்டியது வரைக்கும். வீட்டுக்காரரின் யோசனையை மட்டும் சொல்லவில்லை. மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சக்கரை போட்ட டீயா, போடாததா அக்கா?"

போடாதது என்று நான் பதில் வேறு சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. கணக்கு டீச்சர் அவர்; விடை வரும் வரை முகம் மாறாது. மூடியைத் திரும்பப் புட்டியில் பொருத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப அது எங்க இருக்கு?"

"பொடவைல இருக்கு டீச்சர்."

பெட்டியை அவரே வாங்கித் திறந்தார். வீட்டில் என் மேஜையில் கிளம்பியது அல்ல இது. அந்தக் கார நெடியெல்லாம் போய்விட்டிருந்தது. இரண்டு மணி நேரம் மூடிக்கிடந்ததில் உள்ளே ஏதோ பக்குவப்பட்டிருந்தது. அரக்குப் பட்டின் மடிப்புகளுக்குள்ளிருந்து மெதுவாக, ஆனால் நிற்காமல் வந்தது. மன்னி மல்லிகைச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். டீச்சர் இரண்டு உள்ளங்கையையும் புடவை மேல் வைத்துக்கொண்டு, குனியாமல், கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு அது ஒரு மணி நேரம்.

பிறகு மன்னி புடவையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இடுப்பில் செருகும் முனையில் எட்டணா அளவில் ஒரு கறை. அது உள்ளே போய்விடும், வெளியே ஒன்றும் இல்லை என்றார். முகர்ந்து பார்த்துவிட்டு, பெரியவா முகம் சுளிக்க மாட்டா என்றும் சொன்னார். மகள் தன் போனில் எதையோ பார்த்து, இந்த வகைக்கு அம்பர் என்று பெயர் என்றாள். பெயர்தான் அப்படி, அது ஒரு பொருள் இல்லையாம். பிசின்களையும் இனிப்பையும் சேர்த்துச் செய்கிற கூட்டு, சாம்பிராணியும் உண்டு என்று படித்துச் சொன்னாள். எனக்கு அழுகைக்கு நடுவிலேயே ஒரு பெருமை. சாம்பிராணியை நான் படிக்காமலே கண்டுபிடித்திருந்தேன்.

கட்டிவிட டீச்சர் என்னைத்தான் கூப்பிட்டார். கொசுவத்தைப் பிடித்துச் செருகும்போது கேட்டேன், கோபமா டீச்சர் என்று. முதல்ல மடிப்பைப் பாரு என்றார். அது கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. புள்ளி ஏதாவது வெளியே தெரிந்தால் மறைக்கலாம் என்று நானும் அடையாறுக்குக் கூடவே போனேன். வண்டியில் ஏ.சி. போட்டதும் வாசனை அடங்கி டீச்சரின் மடியோடு கிடந்தது. சிக்னலில் நின்றபோது டிரைவர் கண்ணாடியை இறக்கினார். வெளி வெக்கை பட்டதும் அது எழுந்து உட்கார்ந்தது. டிரைவர் திரும்பி, வீட்டில் பூஜையா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க நான் அந்த வாசனையின் பின்னாலேயே நடந்தேன். வாசனைக்கு நேரம் உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. டீச்சர் நின்றால் அது நின்றது. உட்கார்ந்து எழுந்தால் கொசுவம் விரிந்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளிருந்தும் புதிதாக ஒரு அலை. ஆறு மணிக்குப் பாகு முன்னால் இருந்தது. ஏழரைக்கு இனிப்பு ஒதுங்கிக்கொண்டு பிசின் வந்தது. ஹால் விளக்கின் மஞ்சளே அதிலிருந்துதான் வருகிறதோ என்று பட்டது. டீச்சரின் பெரியப்பா ஒருவர், பக்கத்து அறையில் ஹோமம் நடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் டீச்சர் கடந்து போகும்போது பேச்சில் ஒரு வார்த்தையைத் தவறவிட்டுத் தொடர்ந்தார்கள்.

ஆனால் இதெல்லாம் பின்னால். ஹால் வாசலில் மாப்பிள்ளை நின்றபோது எனக்கு இந்த ரசனை எதுவும் இல்லை. அவர் வாங்கித்தந்ததை நான் இஸ்திரித் தண்ணீராக்கிவிட்டேன் என்று தெரிந்தால் அந்த மனுஷர் என்ன நினைப்பார், முதல் நாளே இருவருக்கும் நடுவில் ஒரு வருத்தம் என்னால் விழுந்துவிடுமோ, அதுதான் கவலை. இன்றைக்குச் சொல்ல வேண்டாம் டீச்சர் என்று வண்டியிலேயே கெஞ்சியிருந்தேன். நான் செருப்பு விடுகிற இடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளை உயரமான ஆள். வெள்ளைச் சட்டை. இரண்டு படி இறங்கி வந்தவர் பாதியில் நின்றார். மூச்சை இழுத்தது எனக்கே தெரிந்தது.

"கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

"ஆறு கஜம் போட்டுண்டிருக்கேன்," என்றார் டீச்சர்.

சொல்லிவிட்டுத்தான் சிரித்தார். சிரிப்பு நிற்காமல், தூணைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், டீ உட்பட. மாப்பிள்ளை என்னை நோக்கி வந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். துணி மேல் தெளித்தீர்களா, பட்டு மேலேயா என்று கேட்டார். துணி மேல் என்றேன். பெட்டி எவ்வளவு சூட்டில் இருந்தது, எத்தனை தரம் தெளித்தீர்கள் என்று கேட்டார். ரயில்வேயில் எஞ்சின் பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"அவங்க ஒரு சொட்டுகூடப் போட மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். பீரோவுக்குள்ள வச்சிருப்பாங்க."

டீச்சர் அதை மறுக்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தொட்டுக்கொண்டு, உள்ளே வருவதற்கு முன்னால் கைக்குட்டையால் துடைத்துவிடத்தான் இருந்தேன், கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன் என்றார். பிறகு இருவரும் உள்ளே போனார்கள். அவர்கள் போன பிறகும் அந்த இரண்டு படிகளிலும் அது இருந்தது. நான் ஏறும்போது அதன் நடுவில்தான் ஏறினேன்.

ஒன்பது மணிக்குப் பந்தியில் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனபோது என் விரலிலும் அது இருந்தது. இனிப்பும் இல்லை, பிசினும் இல்லை. யாரோ சற்று முன்பு வரைக்கும் உட்கார்ந்திருந்த மர நாற்காலியைத் தொட்டது போல, ஒரு ஆளின் வெதுவெதுப்பு மட்டும். ரசம், அப்பளம் எல்லாவற்றையும் தாண்டி அது இருந்தது. மெதுவாகச் சாப்பிட்டேன்.

என் வேட்டித் துணிதான் அதிகம் குடித்திருந்தது. துவைக்க மனம் வரவில்லை. மறுவாரம் தி. நகர் நகைக்கடை வீட்டு அம்மா தன் புடவையை வாங்கிப்போய்விட்டு, தன் பன்னீரில் என்ன கலந்தாய் என்று போன் பண்ணினார். புகார் என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அடுத்த தடவையும் அதுவே வேண்டுமாம். அன்றைக்கே துணியைத் துவைத்துப்போட்டேன். டீச்சர் புடவையில் இருந்தது இன்னொருவர் புடவைக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு தரம் துவைத்தும் அது போகவில்லை, மூன்றாவது தரம் போனது.

மன்னித்துவிட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அது எனக்குப் போதவில்லை. மன்னித்தவர் ஒரு நாள் நினைத்துப் பார்த்து மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? டீச்சரின் மகளிடம் ரகசியமாகப் புட்டியின் விலையைக் கேட்டேன். ஆறாயிரத்து எண்ணூறு. அன்று இரவு தூங்கவில்லை. முதல் தவணையோடு கே.கே. நகர் வீட்டுக்கே போய்விட்டேன். டீச்சர் பணத்தைத் தொடவில்லை. நான் கிளம்பவும் இல்லை. கடைசியில் கணக்கு டீச்சர் கணக்குப் போட்டார்.

"முழுசும் நீ எப்படித் தருவே? கரைச்சது நீ, கட்டிண்டது நான். பாதிப் பாதி."

பாதிக்கு மூவாயிரத்து நானூறு. ரொக்கம் வாங்கமாட்டேன், என் புடவைக்கு மடிப்புக் கூலியில் கழித்துக்கொள் என்றார். பட்டுக்கு என் கூலி முந்நூறு. ஆனால் அவர் முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு பட்டு கட்டினால் அதிகம். இது தீரவே தீராது என்று நினைத்தேன். நினைத்தது தவறு. சாயங்காலம் எங்கேயாவது இருவரும் கிளம்புகிறார்கள். கச்சேரி, யாருடைய வீட்டு விசேஷமோ, ஒரு தடவை சும்மா கடற்கரைக்கே பட்டு கட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார். மாப்பிள்ளை அதே புட்டி இன்னொன்று வாங்கித் தந்திருக்கிறார். புடவைப் பையில் அது வருவதில்லை. டீச்சர் தானே போட்டுக்கொள்கிறார், துடைப்பதில்லை. திரும்பி மடிப்புக்கு வருகிற புடவையைப் பிரிக்கும்போது தோள் பக்கத்தில், முந்தானை விழுகிற இடத்தில், அது இருக்கும். நான் பெட்டியைச் சூடு பண்ணுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

இதுவரை ஐந்து புடவை மடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு கழிந்தது. பாக்கி ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.